ஆன்டிவைரஸ் ஏறாத பழைய ஆபீஸ் லேப்டாப்: ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றில் நடந்தது

2025 நவம்பரில் ஈரோட்டில் உள்ள என் சர்வீஸ் கடைக்கு வந்த ஒரு லேப்டாப்பைப் பற்றிய பதிவு இது. மண்டி உரிமையாளர், அங்கே கணக்கு பார்க்கும் பெண், லேப்டாப்பை விற்ற கோவைக் கடைக்காரர் ஆகிய மூவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. லேப்டாப்பின் பிராண்டு, ஆன்டிவைரஸ் கம்பெனி, முன்பு அந்த மெஷினை வைத்திருந்த நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களும் இங்கே தேவையில்லை. இதே சிக்கல் எந்தப் பெயரிலும் வரும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதையொட்டி ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் சின்ன ஆபீஸ்கள் பலவும் பழைய மெஷினைத் தள்ளிவிட்டு, பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளை வாங்குகின்றன. விலைக்கு நல்ல மெஷின்கள்தான், நானே பலருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவற்றில் சில "ஆன்டிவைரஸ் ஏற மாட்டேங்குதுங்க" என்ற ஒரே புகாரோடு என் மேசைக்குத் திரும்பி வருகின்றன.

பின்னணி

மண்டி சிறியது. உரிமையாளர், கணக்கு பார்க்கும் பெண், எடை போட இரண்டு பேர். விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் வாங்கி வெளிமாநிலங்களுக்கு அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டரில் நடக்கும் வேலை நான்குதான்: டாலியில் கணக்கு, இ-வே பில், மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், நெட் பேங்கிங். நான்கும் பணத்தைத் தொடும் வேலைகள்.

தீபாவளி முடிந்த மறு வாரம், அக்டோபர் 27 திங்கட்கிழமை, உரிமையாளர் கோவையில் ஒரு கடையில் இந்த லேப்டாப்பை 18,500 ரூபாய்க்கு வாங்கினார். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 15 நாள் வாரண்டி. பில்லில் "யூஸ்டு லேப்டாப் - 1" என்று மட்டும் இருந்தது. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. விண்டோஸ் 10 ப்ரோ ஓடிக்கொண்டிருந்தது. "அட்மின்" என்று ஒரு யூசர், பாஸ்வேர்ட் கிடையாது. எக்செல், வேர்டு எல்லாம் கடைக்காரரே போட்டுக் கொடுத்திருந்தார்.

பன்னிரண்டு நாள் அதிலேயே வேலை நடந்தது. இடையில் அந்தப் பெண் ஈரோட்டிலேயே மூன்று வருட லைசென்ஸ் உள்ள ஓர் ஆன்டிவைரஸ் பெட்டி வாங்கி, மூன்று முறை இன்ஸ்டால் செய்து பார்த்திருக்கிறார். மூன்று முறையும் பாதியில் நின்றுவிட்டது. நவம்பர் 8, சனிக்கிழமை மாலை லேப்டாப் என்னிடம் வந்தது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம் காட்டும் ரிட்டர்ன், போட வேண்டும். பில்கள் எல்லாம் இந்த மெஷினில்தான் இருந்தன.

முதலில் பார்த்தவை

திறந்ததும் கண்ணில் பட்டது தேதி. கடிகாரம் 2018 ஜனவரி 1 என்று காட்டியது. கேட்டபோது அந்தப் பெண், "அது எப்பவும் அப்படித்தாங்ணா. தினமும் காலையில தேதிய மாத்திட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன்" என்றார். பன்னிரண்டு நாளாக அதை ஒரு கோளாறாகவே அவர் நினைக்கவில்லை. பழைய வண்டிக்கு சோக் இழுப்பது மாதிரி ஒரு பழக்கம் ஆகிவிட்டிருந்தது.

ஆன்டிவைரஸ் இன்ஸ்டாலரில் டிஜிட்டல் கையெழுத்து ஒன்று இருக்கும். அந்தக் கையெழுத்துச் சான்றிதழுக்கு ஆரம்ப நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால், விண்டோஸ் அந்தச் சான்றிதழை நம்பாமல் போகலாம், இன்ஸ்டாலரும் நின்றுவிடலாம். அவர் முயன்ற மூன்று முறையில் ஒரு முறையாவது இதனால் நின்றிருக்கலாம். மெஷின் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைக்கும், மதர்போர்டில் உள்ள சின்ன பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. மெயின் பேட்டரியும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. ராத்திரி சார்ஜரைப் பிடுங்கி வைத்தால் காலையில் 2018.

சரி, பேட்டரிக் கோளாறு என்று குறித்துக்கொண்டேன். அங்கேதான் நான் ஒரு கேள்வியைத் தவறவிட்டேன். நெட் கிடைத்ததும் விண்டோஸ் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இது பன்னிரண்டு நாள் நெட்டில் இருந்தும் ஏன் சரிசெய்துகொள்ளவில்லை? பதில் அடுத்த நாள்தான் கிடைத்தது.

தேதியைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். இந்த முறை பாதி தூரம் போய், வேறொரு பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறது, அதை நீக்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லி நின்றது. டாஸ்க்பாரின் வலது மூலையில் ஒரு கேடய ஐகான் இருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பாதுகாப்பு இருப்பது போலத்தான் தோன்றும். அதைத் திறந்து பார்த்தால், வைரஸ் பட்டியல் கடைசியாக அப்டேட் ஆனது 2024 செப்டம்பரில். பதினான்கு மாதம் பழைய பட்டியல். கதவில் பூட்டு தொங்குகிறது, உள்ளே தாழ்ப்பாள் இல்லை என்கிற நிலை.

அதை நீக்கப் போனால் பாஸ்வேர்ட் கேட்டது. அது முந்தைய கம்பெனியின் ஐடி பிரிவுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்ட். அந்த மென்பொருளைத் தயாரித்தவர்களே தரும் நீக்கும் கருவியும் அதே பாஸ்வேர்டைக் கேட்டது. இதைக் குறையாக நான் சொல்ல மாட்டேன். ஒரு ஆபீஸுக்குள் நுழையும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) முதலில் செய்யப் பார்ப்பது ஆன்டிவைரஸை அணைப்பதுதான். அதைத் தடுக்கவே இந்தப் பூட்டு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது, ஆனால் அதன் முதலாளி வேறு ஆள்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஏன் எழுந்து வேலை பார்க்கவில்லை என்று கேட்கலாம். இன்னொரு ஆன்டிவைரஸ் பதிவாகியிருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். இங்கே பதிவாகியிருந்தது செயலிழந்த ஒன்று, அதற்காக ஒதுங்கியிருந்தது உயிருள்ள ஒன்று. போதாததற்கு, விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் பல சுவிட்சுகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. பக்கத்திலேயே, இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார் என்ற வரி. மண்டிக்கு ஏது நிர்வாகி?

சனிக்கிழமை இரவு எடுத்த தவறான முடிவு

மணி எட்டரை. செவ்வாய்க்கிழமை கெடு. கடவுச்சொல் கிடைக்க வழியில்லை. விண்டோஸ் அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து எழும் சேஃப் மோடில் போனால் அந்தப் பாதுகாப்பு மென்பொருளின் காவல் டிரைவர் என்ற நிரல் எழுந்திருக்காது, கையால் அழித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். முன்பு இரண்டு மெஷின்களில் அப்படிச் செய்து ஒப்பேறியிருந்தது. அந்த நம்பிக்கையில் டாலி டேட்டாவை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, முழு பேக்கப் எடுக்காமல் இறங்கினேன். ஃபோல்டர்களை அழித்தேன், சர்வீஸ்களை நீக்கினேன்.

மறுபடி ஆன் செய்ததும் ஐகான் இல்லை. வைஃபை இணைந்திருந்தது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை.

காரணம் இதுதான். இந்த மாதிரி மென்பொருள்கள் நெட்வொர்க் கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஒரு வடிகட்டி டிரைவரைச் செருகி வைக்கும். உள்ளே வருவதும் வெளியே போவதும் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். நான் வடிகட்டியின் ஃபைலை அழித்துவிட்டேன், அது செருகப்பட்ட இடத்தின் பதிவு அப்படியே இருந்தது. குழாயின் நடுத்துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று பார்த்த கதை. நெட்வொர்க் அடாப்டரின் பண்புகள் பகுதியில் அந்த வடிகட்டியின் பெயர் இன்னும் டிக் அடித்தபடி இருந்தது. டிக்கை எடுத்தேன், அடாப்டரையே நீக்கிப் போட்டேன், நெட்வொர்க் ரீசெட்டும் செய்தேன். ஞாயிறு மதியம் வரை போராடி நெட் வந்தது. புதிய ஆன்டிவைரஸ் மட்டும் அப்போதும் "பழையது இருக்கிறது" என்றே சொன்னது. விண்டோஸின் பதிவேட்டில் பழையதன் பெயர் இன்னும் உட்கார்ந்திருந்தது.

அந்த அரை நாள் முழுக்க என் தவறால் போனது. முழு பேக்கப் எடுக்காமல் ஒருவருடைய தொழில் மெஷினில் கை வைத்திருக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, இது யாருடைய மெஷின் என்று கேட்பதற்கு முன்பே அதைத் திறக்கப் பார்த்திருக்கக் கூடாது.

ஞாயிறு: கெடுவைத் தனியாகப் பிரித்தது

நெட் வந்ததும் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் "ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்" பக்கத்தைத் திறந்தேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே பார்த்திருக்க வேண்டிய பக்கம். ஒரு நிறுவனத்தின் டொமைனில் இந்தக் கணினி இணைந்திருக்கிறது என்று அங்கே எழுதியிருந்தது. டொமைன் என்பது நிறுவனம் தன் கணினிகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு. தேதி ஏன் சரியாகவில்லை என்பதற்கும் விடை இதுதான். டொமைனில் சேர்ந்த கணினி நேரத்தை வெளியே கேட்காது, தன் ஆபீஸ் சர்வரிடம்தான் கேட்கும். அந்த சர்வர் எங்கோ இருக்கிறது, இது ஈரோட்டு மண்டியில் இருக்கிறது.

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஒரு சொத்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம், பிசினில் மஞ்சள் தூள் ஒட்டி ஒரு செவ்வகமாகத் தெரிந்தது. பன்னிரண்டு நாளிலேயே விசிறித் துவாரத்தின் ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. சி டிரைவில் பழைய ஆட்களின் யூசர் ஃபோல்டர்களை அழித்திருந்தார்கள். ஆனால் வேறொரு ஃபோல்டரில் அந்த நிறுவனத்தின் எக்செல் ஃபைல்கள் கிடந்தன. பெயர்களைப் பார்த்ததோடு மூடிவிட்டேன். விற்றவர் ஃபார்மட்கூடச் செய்யாமல், மேலாக ஒரு துடைப்பு துடைத்துக் கொடுத்திருக்கிறார்.

அப்போது எடுத்த முடிவுதான் இந்த வேலையில் உருப்படியான முதல் முடிவு: ரிட்டர்ன் வேலையையும் ரிப்பேர் வேலையையும் பிரித்துவிடுவது. கெடு தலைக்கு மேல் நிற்கும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவும் குறுக்கு வழியாகவே போகிறது, சனிக்கிழமை இரவே அதற்குச் சாட்சி. டாலி டேட்டாவை என் கடையில் உள்ள சுத்தமான ஒரு மெஷினில் ஸ்கேன் செய்து, மண்டிக்கு ஒரு மாற்று லேப்டாப் கொடுத்தேன். அந்தப் பெண் திங்கட்கிழமை ஆடிட்டர் ஆபீஸில் வைத்து ஜிஎஸ்டிஆர்-1 போட்டுவிட்டார். அதன்பின் அவசரம் என்று எதுவும் இல்லை.

அன்றே இன்னொன்றும் செய்யச் சொன்னேன். பன்னிரண்டு நாள் காவலில்லாத மெஷினில் பேங்க், ஜிஎஸ்டி, மெயில் எல்லாம் திறந்திருக்கிறார்கள். அதில் கடைக்காரர் போட்ட எக்செல் திருட்டுப் பதிப்பு, கூடவே "ஆக்டிவேட்டர்" என்ற ஒரு ஃபைல். அந்த மாதிரி ஃபைல்களை ஓட்டும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பது போட்டவருக்கே தெரியாது. ஆகவே எல்லா பாஸ்வேர்டுகளையும் வேறு மெஷினிலிருந்து மாற்றினோம். மெயிலில் யாருக்காவது தானாகப் போகும்படி ஃபார்வர்டு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம். உரிமையாளர் 27ஆம் தேதியிலிருந்து பேங்க் ஸ்டேட்மென்டை வரி வரியாகப் படித்தார். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

திங்கள்: சுத்தமாகப் போட்டும் வந்து நின்ற பெயர்

பழைய கட்டடத்தை ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் 11 போடுவது என்று முடிவானது. மெஷினுக்கு அந்தத் தகுதி இருந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இருந்தது. லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வந்தது, அதனால் விண்டோஸுக்குத் தனிச் செலவில்லை. விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸில் பாஸ்வேர்ட் இல்லாததும் நல்லதாகப் போயிற்று. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியால் என் மெஷினில் பென்டிரைவ் தயார் செய்து, எஸ்எஸ்டியின் எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்தேன். அந்த எக்செல் ஃபைல்களும் அதோடு போயின.

முக்கால் மணி நேரத்தில் ஆரம்பத் திரை வந்தது. மொழி, கீபோர்டு, வைஃபை. வைஃபை இணைந்ததும் ஏதோ தேடியது. அப்புறம் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு வரவேற்று, உங்கள் ஆபீஸ் மின்னஞ்சலைக் கொடுங்கள் என்று கேட்டது.

எஸ்எஸ்டியில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. பிறகு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? விண்டோஸ் ஆட்டோபைலட் என்று ஒரு வசதி இருக்கிறது. நிறுவனம் லேப்டாப் வாங்கும்போது அதன் வன்பொருள் அடையாளத்தை எடுத்து மைக்ரோசாஃப்டின் சர்வரில் தன் கணக்கில் பதிந்துகொள்ளும். அந்த அடையாளம் மதர்போர்டையும் மற்ற பாகங்களையும் வைத்து உருவாவது. டிஸ்க்கை மாற்றினாலும் ஃபார்மட் செய்தாலும் சர்வர் அந்த மெஷினை அடையாளம் கண்டுகொள்ளும். புதிதாக விண்டோஸ் போட்டு நெட்டில் இணைந்த உடனே "நான் யாருடையது" என்று மெஷின் சர்வரிடம் கேட்கும், சர்வர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். அந்தப் பதிவை நீக்க முடிந்தவர் அந்த நிறுவனத்தின் ஐடி நிர்வாகி. விற்றவரோ, வாங்கியவரோ, சர்வீஸ்காரரோ இங்கிருந்துகொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல அது.

மண்டிக்காரர் நேரிலேயே வந்தார். திரையைக் காட்டினேன்.

"ஏனுங் தம்பி, ரொக்கம் குடுத்துத்தான வாங்குனோம். இப்ப எதுக்குங் அவிய பர்மிசன்?"

"காசு கடைக்காரருக்குக் குடுத்தீங்க. கம்பெனி அவருக்குக் குடுத்துச்சான்னு நம்மகிட்ட ஒரு சீட்டும் இல்லீங்களே."

"நெட் இல்லாம போட்டுட்டா ஓடும்னு என்ற மச்சான் பையன் சொல்றானுங்."

அந்தப் பையன் சொன்னது பொய்யில்லை. குறுக்கு வழிகள் இருக்கின்றன, வீடியோக்களிலும் காட்டுகிறார்கள். ஆனால் பதிவு அப்படியேதான் இருக்கும். நாளைக்கு ஏதோ காரணத்துக்கு ரீசெட் செய்தால் மறுபடி அதே திரை வரும், அதுவும் ஜிஎஸ்டி கெடு நாளில் வந்தால் என்ன செய்வது? அதைவிடப் பெரிய விஷயம், இந்த மெஷின் விற்கப்பட்டதா, எங்காவது காணாமல் போனதா என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, ஒரு கணினியை நேர்மையற்ற முறையில் வாங்கி வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. திரையில் இன்னொருவர் பெயர் வந்தபிறகு, எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு எங்களுக்கு இடமில்லை.

சட்டத்தைச் சொன்னபோது அவர் முகம் அவ்வளவாக மாறவில்லை. அவர் தொழிலிலிருந்தே கேட்டேன்: "உங்க மண்டிக்கு ஒரு மூட்டை வருது, மேல வேறொருத்தர் லாட் நம்பர் எழுதியிருக்கு. கொண்டாந்தவர் என்னுதுதான்னு சொல்றார். நம்பரை அழிச்சுட்டு எடை போடுவீங்களா?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது ஆவாதுங்" என்றார்.

கேட்டு வாங்கிய விடுவிப்பு

வாரண்டி முடிய ஒரு நாள்தான் இருந்தது. அன்று மாலையே கோவைக் கடைக்காரருக்கு எழுத்தில் அனுப்பினோம்: திரையின் படம், லேப்டாப்பின் சீரியல் நம்பர், பில்லின் படம். இரண்டில் ஒன்று வேண்டும், நிறுவனத்திடமிருந்து விடுவிப்பு அல்லது பணம் திரும்ப. அவருடைய முதல் பதில் ஆஃப்லைனில் போடுங்கள் என்பதுதான். அது வேண்டாம் என்று காரணத்தோடு திருப்பி எழுதினோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. பெங்களூரிலிருந்து லாட்டாக வாங்குகிறார், ஒவ்வொன்றையும் ஆன் செய்து பார்க்கிறார், விற்கிறார். நெட்டில் இணைத்து ரீசெட் செய்து பார்ப்பது அவருடைய பழக்கத்தில் இல்லை.

இன்னொரு பக்கம், உரிமையாளர் பெயரில் அந்த நிறுவனத்தின் பொது மின்னஞ்சலுக்கு நேராக எழுதினோம். இந்த சீரியல் நம்பர் கொண்ட லேப்டாப் எங்களிடம் இருக்கிறது, இன்ன தேதியில் பில்லோடு வாங்கினோம், உங்களுடையது என்று காட்டுகிறது, விற்கப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள், உங்கள் ஃபைல்கள் சில இருந்தன, திறக்காமல் அழித்துவிட்டோம் என்று ஒளிக்காமல் எழுதினோம். அந்தக் கடைசி வரியால்தான் பதில் சீக்கிரம் வந்தது என்று நினைக்கிறேன்.

14ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஐடி பிரிவிலிருந்து பதில் வந்தது. அந்த சீரியல் நம்பர் கழித்துக்கட்டிய மெஷின்களின் பட்டியலில் இருக்கிறது, திருட்டுப் போனதல்ல. டிஸ்க்கை அழித்துத் தர வேண்டிய ஏஜென்சி அதைச் செய்யவில்லை, ஆட்டோபைலட் பதிவை நீக்க வேண்டிய தங்கள் பக்கமும் அந்த லாட்டுக்கு மட்டும் விட்டுப்போயிற்று என்று எழுதியிருந்தார்கள். 17ஆம் தேதி, பதிவை நீக்கிவிட்டோம் என்று இன்னொரு மெயில்.

முடிவு

17 மாலை மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தேன். வைஃபை இணைந்தது, தேடியது, இந்த முறை சாதாரண ஆரம்பத் திரை வந்தது. தேதி தானாகச் சரியானது. டிஃபெண்டர் எழுந்து அப்டேட் எடுக்க ஆரம்பித்தது. சாம்பல் நிறச் சுவிட்சுகள் எதுவும் இல்லை. பட்டன் பேட்டரியையும் மாற்றினேன். இந்த லேப்டாப்பில் இருப்பது இரண்டு ஒயர் ஒட்டிய சிஆர்2032, பின் அட்டையைக் கழற்றினால் ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் விசிறியை ஊதியபோது மேசை விரிப்பு மஞ்சளாகிவிட்டது.

அப்புறம் அவர்கள் வாங்கி வைத்திருந்த ஆன்டிவைரஸ். பத்து நிமிடத்துக்குள் ஏறியது. இந்த மண்டியின் தேவைக்கு டிஃபெண்டரே போதும் என்பதுதான் என் கருத்து, அதை அவர்களிடமும் சொன்னேன். ஆனால் காசு கொடுத்து மூன்று வருட லைசென்ஸ் வாங்கியாயிற்று, வீணாக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக ஓட்டுவதில்லை என்பதால், விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் புதியதன் பெயர் வந்து டிஃபெண்டர் ஒதுங்கியதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஐகான் பச்சையாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது என்று இந்த மெஷினே காட்டிவிட்டது. ஆகவே ஈகார் சோதனை ஃபைலைப் போட்டுப் பார்த்தேன். அது 68 எழுத்து கொண்ட ஒரே வரி. யாருக்கும் கெடுதல் செய்யாது, ஆனால் உயிரோடு இருக்கும் எந்த ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒன்று. நோட்பேடில் அந்த வரியை எழுதிச் சேமித்தேன். சேமித்த மறு நொடி ஃபைல் காணாமல் போய், வலது மூலையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. பக்கத்தில் நின்ற அந்தப் பெண், "இப்பத்தாங்ணா இது முழிச்சிருக்குது" என்றார்.

எக்செலுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போட்டோம். அவர்கள் போடும் லாரி வாடகைக் கணக்குக்கு அது தாராளம். தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத யூசர் ஒன்று, என்னைப் போல யாராவது வந்தால் திறக்க அட்மின் யூசர் ஒன்று. 18ஆம் தேதி மெஷின் மண்டிக்குப் போனது. 20ஆம் தேதி, வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியை அதிலேயே போட்டார்கள். எனக்கு வேலை பத்து நாள் இழுத்தது. சனிக்கிழமை இரவும் ஞாயிறும் நான் வீணாக்கிய நேரத்துக்குக் கூலி வாங்கவில்லை.

இனி மாற்றுவது

என் ஜாப் கார்டில் இப்போது முதல் வரி வேறு. செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றால், கோளாறைக் கேட்பதற்கு முன் "ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்" பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுகிறேன். அங்கே ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரையும் தொடுவதில்லை, சேஃப் மோடையும் தொடுவதில்லை. முழு பேக்கப் எடுக்காமல் எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும் கையால் அழிப்பதில்லை. தேதி தவறி நின்றால் பேட்டரி ஒரு காரணம்தான், நெட்டில் ஏன் திருந்தவில்லை என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், அதை மட்டும் விடாமல் செய்யச் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே மெஷினை முழுதாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள், கடையின் வைஃபையில் இணைத்து ஆரம்பத் திரை வரை உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும், டீ வாங்கிக் கொடுப்பார்கள், குடித்துக்கொண்டே பார்க்கலாம். யாராவது ஒரு கம்பெனியின் பெயர் வந்தால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கேடய ஐகானில் கடைசி அப்டேட் எந்த மாதம் என்று பாருங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

அந்தக் கோவைக் கடைக்காரரிடம் பிறகு ஒரு முறை பேசினேன். அதே லாட்டில் அவர் கடையில் இன்னும் நான்கு மெஷின்கள் இருந்தன. அவற்றின் சீரியல் நம்பர்களை நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னேன், அனுப்பினார், நான்கையும் விடுவித்துவிட்டார்கள். ஏற்கெனவே விற்றுப்போன மெஷின்களைப் பற்றிக் கேட்டேன். அவற்றையும் அனுப்பத் தயார் என்றார். ஆனால் எந்தப் பில்லிலும் சீரியல் நம்பர் எழுதவில்லை, எது யாரிடம் போனது என்று அவரிடம் கணக்கு இல்லை.